கைச்சூடு

வெப்பமானிகளைக் கடலில் இறக்கும் முன், கருவிக்காரர் ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் கைக்குள் பொத்திப் பார்ப்பார். "என் கைச்சூட்டையே காட்டலேன்னா, பூமியோட சூட்டை எங்க காட்டப்போகுது?" என்பார்.

அவர் இறந்து ஒரு வருடமாகியும், ஆழ்கடல் தரையில் பதித்த பதினொன்றில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. பூமித் தட்டுக்கு அடியில் சூடான பாறை மெல்லப் புரள்வதை அவற்றை வைத்துத்தான், சூடும் குளிருமான பட்டைகளாக, அவரோடு வேலை பார்த்தவள் படம் வரைந்திருந்தாள். மனுஷன் கையே கை என்று தினமும் நினைத்துக்கொள்வாள்.

"இந்த வருஷம் கருவிகளைச் சோதிச்சது யாரும்மா? சோதிக்கலேன்னா படம் செல்லாது," என்றார் மேலதிகாரி.

கடலடிக் கருவிகளின் அளவுகள் ஓடிக்கொண்டிருந்த திரையை அவள் பார்த்தாள். இரண்டு டிகிரியில் கிடந்த முதல் கருவி முப்பத்தாறே முக்காலுக்கு ஏறி, ஒரு நிமிடம் நின்று, இறங்கியது. அடுத்து இரண்டாவது. அப்படியே வரிசையாகப் பதினொன்றும்.

'சோதித்தவர்' என்ற கட்டத்தில் கருவிக்காரரின் பெயரை எழுதி, அவள் இன்றைய தேதியைப் போட்டாள்.