மெனு எதுக்கு?

"இந்த டெக்ஸ்ட் எடிட்டர்ல எழுதினதை எப்படிம்மா சேவ் பண்றது?" புதுக் கம்ப்யூட்டர் முன்னால் லாய் மறுபடியும் கேட்டார்.

"கன்ட்ரோலோட எக்ஸ், அப்புறம் எஸ், சார்" என்றாள் ஜூனியர் புரோகிராமர் வென்-லிங். அந்தத் தைபே அலுவலகத்தில் காலையிலிருந்து அவளுக்கு இதே வேலை.

"இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? எழுத்து வேற எறும்பு மாதிரி இருக்கு."

"பெருசாக்கணும்னா, செட்டிங்ஸ் ஃபைல்ல நீங்களே எழுதிக்கணும்."

"விளங்கின மாதிரிதான். புதுசா வர்றவன் தலைதெறிக்க ஓடிடுவான். ஒரு மெனு வச்சா என்ன?"

"வச்சுக் கொடுத்தேன் சார். சோம்பேறிங்களுக்கு எதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"எந்த மடையன்?"

"நீங்கதான் சார்."

அந்த எடிட்டரை உருவாக்கியவரே லாய்தான். இருபது வருஷமாகத் தன் வசதிக்கு மாற்றி வைத்திருந்த செட்டிங்ஸ் எல்லாம், நேற்று பால் டீ கொட்டிய பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது.

"அந்த மெனு இன்னும் இருக்காம்மா?"