வீட்டில் செய்த துபாஷி

முதலில் அவமானப்படுத்தியவன் கஜபதிதான். என் தங்கை புருஷன். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். என் மகன் ஆனந்தனுக்கு அங்கேதான் வேலை.

ஆனந்தனும் கஜபதி மகள் அம்சாவும் ஆசைப்பட்டார்கள். முறைதான். ஆனாலும் ஆடிக் கிருத்திகைக்கு வந்த சொந்தக்காரர்கள் எதிரில் கஜபதி கேட்டான்:

"ஒம் புள்ள வேலை நேரம் போக என் மிஷின்ல வெளையாடிகினு கீறான் மச்சான். அவனுக்கா பொண்ணு?"

"வெளையாட்டு இல்ல. துபாஷி செஞ்சிகீறான்" என்றேன்.

எனக்குப் புரிந்த அளவில் அது துபாஷிதான். நாம் பெயரும் குறியுமாக எழுதுகிற கட்டளைகளை மொழிபெயர்த்துக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் புரோகிராம்.

"அதே மாதிரி கம்பெனி சரக்கு நான் வாங்கி வெச்சிகீறேன். ஒம் புள்ள செஞ்சது அதைவிட வேகமா ஓடட்டும், தையில கல்யாணம். தோத்தா பொண்ணு பேச்சே எடுக்கக் கூடாது!"

அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. இனி எப்படி மாற்றிப் பேசுவான்?

ஞாயிற்றுக்கிழமை, ஒரே மாதிரி இரண்டு மிஷின். ஒன்றில் ஆனந்தன், இன்னொன்றில் கஜபதி. இரண்டுக்கும் ஒரே வேலை. எங்கள் வம்சத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று சொல்ல வேண்டும்.

"அக்கா மகளைக் கட்டினவங்க நம்மள்ல ஜாஸ்தி. மிஷினுக்கே தலை சுத்தும்" என்றாள் என் தங்கை கமலா.

யாரும் சிரிக்கவில்லை. அம்சா தாவணி நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் ஆனந்தன் பக்கம் குனிந்தேன்.

"இன்னாடா ஆச்சு?"

"ஓடிகினு கீது நைனா. சும்மா இரு."

ஆனந்தன் திரையில் கடைசிப் பெயரும் வந்து நின்றது. கஜபதி திரையில் ஏறக்குறைய பாதிதான் வந்திருந்தது.

"தோத்துட்டேன் மச்சான். தையில வெச்சிக்கலாம்" என்றான் கஜபதி. அம்சா அழுதேவிட்டாள்.

வெளியே வந்தோம். ஆனந்தன் முகத்தில் சிரிப்பில்லை.

"ஜெயிச்சவன் மூஞ்சாடா இது?"

"மிஷின்ல ஒரு பட்டன் கீது நைனா. அமுக்கினா வேகம் பாதியாயிடும். மாமா ஆரம்பிக்கறப்பவே தன் மிஷின்ல அதை அமுக்கிட்டாரு."

"தெரியாம கை பட்டிருக்கும்."

"இல்ல. நான் பாத்துட்டேன். பேசாம இருன்னு கண்ணைக் காட்னாரு."

"அமுக்காம இருந்தா?"

"யாருக்குத் தெரியும்?"

தையில் கல்யாணம் முடிந்தது. தோற்றவன் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கஜபதியைக் கேலி செய்கிறார்கள். அவனும் சிரித்துக்கொள்கிறான்.

நான் நன்றி சொல்லப் போவதில்லை. என் பிள்ளை நிஜமாகவே ஜெயித்திருப்பானா? ஒரு நியாயமான போட்டியைக் கஜபதி எங்களுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறான்.