விடுப்பே எடுக்காதவள்

புது மேனேஜர் ஆஜர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததுமே மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்துவிட்டது.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரி உடைக்கும் அண்டியாபீஸ் எங்களுடையது. தினமும் காலையில் பெண்களின் பெயரைப் படித்து ஆஜர் போடுகிற குமாஸ்தா நான்.

பெண்கள் ஒவ்வொருவராக வேறு அண்டியாபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்து வைக்க மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். விடுப்பே எடுக்காதவளுக்கு கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எப்படியாவது தடுத்திருப்பேன். கொல்லத்திலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன மனிதர், கேட்கவில்லை.

பெண்கள் கையில் சாம்பல் பூசி, கொட்டையைத் தல்லி உடைக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

மேனேஜர் புத்தகத்தைத் திறந்து, மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை, வேலையில் இத்தனை பிடிப்பும் மனத்திடமும் உள்ள பெண்ணை நான் கண்டதில்லை, எல்லாரும் இவளைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று பேசிவிட்டு, குளோரி என்று கூப்பிட்டார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டார். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அதைவிட, வரிசையில் உட்கார்ந்திருந்த ராகேலின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியமில்லை.

கடைசியில் ராகேல்தான் எழுந்து வந்தாள்.

"எனக்க மவளாக்கும். அவளுக்குச் சேல வேண்டாம் சாரே. பேர மட்டும் வெட்டிராதீங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன்.

குளோரி மூன்று வருஷத்துக்கு முன் வாந்திபேதியில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து ராகேல் வேலைக்கு வந்த அன்று, பழக்கத்தில் அடுத்திருந்த மகள் பெயரையும் படித்துத் தொலைத்துவிட்டேன். தாய் 'உண்டு' என்றாள். இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

கூலி உடைத்த பருப்பின் எடைக்குத்தான், ஆஜருக்கு இல்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ராகேல் காய்ச்சலில் கிடந்த நாட்களில் வேறு எவளாவது 'உண்டு' என்பாள்.

மற்ற ஆபீசுக்காரர்கள் ராகேலையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் போகவில்லை. அங்கே அந்தப் பெயரை யார் படிப்பார்கள்?

மேனேஜர் புத்தகத்தை மூடினார். பிறகு அதை என்னிடம் தந்து, அன்றைய ஆஜரை எடுக்கச் சொன்னார்.

வரிசையாகப் படித்தேன். ராகேல் பெயரைப் படித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"அடுத்த பேரு?" என்றார் மேனேஜர்.