சாக்குக்குள் உடும்பு

"என் குடியக் கெடுத்தவன் இவன்தான்."

மாடக்கண்ணு சாக்கை வெற்றிலைக் கொடிக்கால் வாசலில் போட்டார். உள்ளே நாலடி உடும்பு புரண்டது.

வெள்ளம் கொண்டுபோன கொடிக்காலை மறுபடி நட்டு ஒரு வருடம். வெற்றிலை ஏரல் சந்தைக்குப் போகத் தொடங்கியதும் இலைகள் துருப்பிடித்தாற்போல் சுருண்டுவிட்டன.

வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்த ஜெப்ஸி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஓர் இலையைத் திருப்பிப் பிடித்தாள்.

"இந்த லென்ஸ் வழியா பாருங்க அண்ணாச்சி. செவப்பா நகருதுல்லா? செஞ்சிலந்தி. ஊசிமுனையவிடச் சின்னது. இதுதான் சாறெல்லாம் உறிஞ்சுது."

மாடக்கண்ணு லென்ஸைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏளா பேச்சி, கேட்டியா? நாலடி உடும்பு செய்யலையாம். இந்தத் தூசிதான் தின்னுச்சாம், அம்புட்டுக் கொடியையும்!"

அவர் சிரிப்பு பாதியில் உடைந்தது.

"இதுவும் போச்சுன்னா, இந்த வயசுல நான் துறைமுகத்துக்கு மூட்ட தூக்கத்தான் போவணும், தாயி."

"உடும்பு பூச்சி புழுவத்தான் தின்னும். அவுத்து விடுங்க, கொன்னா ஜெயிலு. சிலந்தி மொதல்ல எந்தப் பக்கம் வந்துச்சு?"

"ஒரே பக்கம்னு இல்ல. வாரத்துக்கு ஒரு வரிசையா கருகிக்கிட்டே வருது."

"அப்ப வேற செடியில இருந்து ஒட்டிக்கிட்டு வருது. யாராவது இலை தழை கொண்டாந்தீங்களா?"

"நாங்களே கால் கழுவித்தான் உள்ள வாரோம். எவன் கொண்டாருவான்?"

பேச்சி லென்ஸை வாங்கிப் பார்த்தாள். இலையின் அடியில் மெல்லிய வெள்ளை நூல். அதற்குள் சிவப்புப் புள்ளிகள்.

அந்த நூலை அவள் வீட்டு முற்றத்தில் பார்த்திருக்கிறாள். கோடையில் படிந்த தூசி என்று நினைத்திருந்தாள்.

எழுந்து போய் சாக்கின் கட்டை அவிழ்த்தாள்.

"ஏளா! என்னளா செய்யுத?"

உடும்பு வெளியே வந்து ஒரு கணம் நின்றது. பிறகு வாய்க்காலைப் பார்த்து ஓடியது.

கருகிய வரிசைக்கு ஒன்றாக, கொடி ஏற்றிய முதல் அகத்தி மரங்களில் காய்ந்த துளசி மாலைகள் தொங்கின. கொடியைக் காக்கச் சொல்லிச் சாமிக்கு வேண்டி, வெள்ளிக்கு வெள்ளி அவள் முற்றத்துத் துளசியில் கட்டிச் சாத்தியவை. சாமிக்குச் சாத்தியதை யாரும் இலை தழை என்று எண்ணுவதில்லை.

அன்றும் வெள்ளிக்கிழமை.

முந்தானைக்குள் இருந்த மாலையை அவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை.