பூட்டோடு போன ஏழு புகார்

மேனேஜர் மேசையில் ஓங்கி அடித்த அடியில் பேனா டப்பா கவிழ்ந்து, பேனாக்கள் தரையெல்லாம் உருண்டன.

“ஒரு மனுஷனுக்குக் கால் போயிருக்கு! அவர் எழுதிக் கொடுத்த ஏழு புகாரையும் ஒழிச்சுக் கட்டிட்டு வந்து நிக்கறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?”

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாக இந்த மேனேஜர் அவளுக்கு முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இன்று அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார். நல்ல மனுஷனைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று இருந்தது.

திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

எதிரே விசாரணை அதிகாரி மடியில் காகிதங்களை விரித்து வைத்திருந்தார். பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட் தானாக இறங்கி மெக்கானிக்கின் காலை நசுக்கியது. யார் தப்பு என்பதுதான் விசாரணை. பிரேக் வழுக்குகிறது, லிஃப்டை நிறுத்துங்கள் என்று ஏழு தடவை எழுதிக் கொடுத்ததாக மெக்கானிக் படுக்கையில் கிடந்தபடி சொல்லியிருந்தார். எழுதியதெல்லாம் மேனேஜரின் கம்ப்யூட்டரில்தான் பதிவாகியிருந்தது. வேறு நகல் கிடையாது.

“என்னதான் ஆச்சு?” என்றார் அதிகாரி.

“ஃபைலுக்கெல்லாம் பூட்டு போடற சாஃப்ட்வேர் ஒண்ணு வச்சிருக்கோம் சார். கம்ப்யூட்டர்ல பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாத்திப் புதுசு ஏத்தறதுக்கு முன்னாடி அத்தனை பூட்டையும் அவிழ்க்கணும். அவிழ்க்காம ஏத்தினா போச்சு, சாவியைக் கடல்ல வீசின மாதிரிதான். பாஸ்வேர்டு எல்லாம் இவ கையிலதான் இருக்கு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாளா?”

அந்தப் பெண் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். “சார், நீங்க...”

“வாயைத் திறக்காதே! நேத்து என் கம்ப்யூட்டரை உன் ரூமுக்குத் தூக்கிட்டுப் போனே. இன்னிக்குக் காலையில கொண்டுவந்து வச்சுட்டுப் போனே. திறந்து பாத்தா ஒரு ஃபைலாவது திறக்குதா? ஒண்ணொண்ணா தட்டிப் பாத்துட்டேன்!”

“இல்ல சார், நான் முதல்ல...”

“பேசாதேன்னா பேசாதே! ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே கவுத்திருக்கே. இன்னியோட உனக்கு இங்க வேலை இல்ல. கிளம்பு!”

மெக்கானிக்கின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேசை ஓரத்தில் அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் இருந்தது. இருண்ட திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. பக்கத்தில் அதன் மின்சார வயர், சுருட்டிச் சிவப்பு ரப்பர் பேண்டு போட்டபடி கிடந்தது. அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “இன்னிக்குத்தான் கடைசி நாள்மா. எழுத்துல எதுவும் இல்லேன்னா, சொல்லாம கொள்ளாம உள்ள இறங்கினது உங்க வீட்டுக்காரர் தப்புன்னுதான் நான் முடிக்கணும். இங்க ஒரு கையெழுத்து போடுங்க.”

“சொல்லாம இறங்கினாரா?” அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “ஒவ்வொரு தடவையும் எழுதிட்டு வந்து என்கிட்ட சொல்லுவார் சார். ஏழாவது தடவை எழுதின அன்னிக்குச் சோறுகூட இறங்கல அவருக்கு!”

“எனக்குத் தெரியாதாம்மா?” மேனேஜர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “எல்லாம் இவளாலதான். நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.”

அவ்வளவுதான். மெக்கானிக்கின் மனைவி இரண்டே எட்டில் அந்தப் பெண்ணிடம் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏண்டி, கால்தான் போச்சு, அவர் சொல்லாவது மிஞ்சும்னு இருந்தேன். அதையும் தொலைச்சுட்டியேடி! இனிமே ஊரெல்லாம் அவரைத்தானே குத்தம் சொல்லும்? வாயில என்ன பூட்டா போட்டிருக்கே? பேசேன்!”

அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “வேலைதான் போயிடுச்சே. இனிமே எனக்கு என்னக்கா பயம்?”

தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துவிட்டு, நேராக மேசைக்குப் போனாள். காலையில் தான் போட்டுவிட்டுப் போன ரப்பர் பேண்டைக் கழற்றினாள். சுருட்டியிருந்த வயரை நீட்டிக் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகினாள். மறுமுனையைச் சுவரில் சொருகிச் சுவிட்சைப் போட்டாள்.

“ஏய், அதைத் தொடாதே!”

மேனேஜரின் குரலில் அதுவரை இருந்த இடிமுழக்கம் எங்கே போயிற்றோ, கீச்சென்று வந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். தரையில் கிடந்த பேனா ஒன்று காலடியில் நொறுங்கியது.

அவர் கை சுவிட்சுக்குப் போவதற்குள் அந்தப் பெண் குறுக்கே போய் நின்றுகொண்டாள். முதுகுக்குப் பின்னால் திரை வெளிச்சமாகிக்கொண்டு வந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

அந்தப் பெண் மேனேஜரின் முகத்தை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

“அவிழ்க்காமலே ஏத்துன்னு நீங்க சொன்னீங்க சார், நான்தான் கேக்காம எல்லாப் பூட்டையும் அவிழ்த்துட்டு ஏத்தினேன்.”