தேவாங்கு வரும் நேரம்

"தினமும் ஒருத்தன் வந்து என் மனைவியை எட்டிப் பார்த்துட்டுப் போறான்" என்றார் வக்கீல், மருந்துக் கடை மேசை மேல் குனிந்து, ரகசியக் குரலில். அவருடைய ரகசியக் குரல் நீதிமன்றத்தின் கடைசி வரிசை வரை கேட்கிற ரகம். இருமல் மருந்துக்காக நின்றிருந்த அம்மாள் இருமலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

மருந்துக் கடைக்காரர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே போட்டார். "வீட்டுக்கேவா சார்?"

"வீட்டுக்கு வந்தா காலை உடைச்சு அனுப்பியிருக்க மாட்டேனா? உங்க வெப்சைட்டுக்கு வர்றான்யா!"

கடைக்காரருக்குப் போன மூச்சு திரும்பியது. ஓய்வு நேரத்தில் அவர் நடத்தும் புதையல் வேட்டைத் தளம் அது. யாராவது ஒரு சின்ன டப்பாவைப் பொது இடத்தில் ஒளித்துவைத்து, இடத்துக்கான குறிப்பைத் தளத்தில் ஒரு பக்கமாகப் போடுவார்கள். மற்றவர்கள் போனும் கையுமாகத் தேடிப் போய், டப்பாவைத் திறந்து, உள்ளிருக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். வக்கீலின் மனைவி, கணக்கு டீச்சர், ஏரிக்கரை நடைபாலத்துக் கைப்பிடியின் அடியில் காந்தத்தால் ஒரு டப்பாவை ஒட்டியிருந்தார்.

"பேரைப் பாரு, தேவாங்கு! நான் வாய்தா வாங்கிட்டு வராந்தாவுக்கு வந்து பார்த்தா, அதுக்குள்ள வந்துட்டுப் போயிருக்கான். யார் அவன்? சொல்லுங்க."

"எனக்கே தெரியாது சார். உறுப்பினர்னா பக்கத்துக்கு அடியில பேர் விழும். சும்மா எட்டிப் பார்க்கிறவங்களுக்கு மிஷினே ஆளுக்கொரு மிருகப் பேரை வச்சிடும். வந்தது தெரியும், வந்தவர் யாருன்னு தெரியாது. இந்த விதியை எழுதிக் கொடுத்ததே நீங்கதானே?"

உண்மைதான். தளத்தின் தொடக்க விழாவில், 'அந்தரங்கம் மனிதனின் கவசகுண்டலம்' என்று முக்கால் மணி நேரம் முழங்கியவர் வக்கீல். முழங்கி முடித்தபோது மைக்செட்காரர் மட்டும் விழித்திருந்தார். தம் பெயரை எந்தத் தளத்துக்கும் தருவதில்லை என்று அன்று மேடையில் செய்த சபதத்தை அவர் இன்றுவரை காப்பாற்றி வருகிறார். அதற்கென்று தனியாக ஒரு மாலையும் போட்டார்கள்.

"அந்தரங்கமெல்லாம் யோக்கியனுக்குய்யா! தேவாங்குக்கு எதுக்கு?"

"விதியில தேவாங்குக்கு விலக்கு எழுதலையே சார்."

"தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி" என்றார் இருமல் அம்மாள்.

வக்கீல் மீசை துடிக்க வெளியேறினார். அவன் வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வந்தால் மனைவியின் முகம் மலர்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த வாரம் குறிப்பின் கீழ் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தாள்: 'தினமும் பார்த்துவிட்டுப் போகிறவரே, பார்த்தால் போதுமா? பாலத்துக்கு வரக் கூடாதா?' பகிரங்க அழைப்பு! அதே பாலத்துக்கு அவரை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருக்கிறாள். "டப்பா பொறுக்கவா நான் சட்டம் படிச்சேன்?" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டவர் அவர்தான். இனி அவள் கூப்பிடப் போவதில்லை என்று நினைத்தபடியே தம் வீட்டு வாசலைத் தாண்டி நாலடி போய்த் திரும்பினார்.

சாப்பாட்டு மேசையில் டீச்சர் தன் போனைத் தண்ணீர்க் கூஜா மேல் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்துக்கு ஆள் வந்தால் அது மணியடிக்கும்.

"இன்னிக்கு வந்தானா உன் தேவாங்கு?" என்றார் வக்கீல், தட்டைப் பார்த்தபடி.

"வராம இருப்பாரா? நீங்க குளிக்கப் போனப்போ வந்துட்டுப் போனார்."

"நான் குளிக்கப் போனப்போ!"

"ஆமாங்க, என்ன கூச்சமோ, நீங்க பக்கத்துல இல்லாத நேரமாப் பார்த்துத்தான் வர்றார்."

வக்கீலின் கையில் உருண்டை அப்படியே நின்றது. "யாருன்னு கேட்டியா?"

"எதுக்குங்க கேட்கணும்? பேர் சொல்ல விரும்பாதவங்களைத் துருவக் கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுக்கிறவர் நீங்க. யாரா இருந்தா என்ன? இந்த ஊர்ல நான் எழுதறதைத் தினமும் படிக்க ஒரு ஜீவன் இருக்கு. எனக்கு அது போதும்."

'ஒரு ஜீவனாம்!' என்று முணுமுணுத்தார் வக்கீல். அவள் குழம்புக்குக் கரண்டியை எடுத்த சமயம், இடது கையால் சட்டைப் பையிலிருந்து போனை உருவி மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். பயல் இந்த நேரத்திலும் வந்திருக்கிறானா என்று பார்த்துவிட வேண்டியதுதான். கட்டைவிரலால் அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

'டிங்!'

"அட, வந்துட்டாரு!" டீச்சர் கரண்டியோடு துள்ளினாள். "முதல் தடவையா நீங்க இருக்கிறப்பவே வந்திருக்கார் பாருங்க!"

என்ன திமிர்! புருஷன் எதிரிலேயே! வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு, போய்விட்டானா இருக்கிறானா என்று பார்க்க இன்னொரு முறை அழுத்தினார்.

'டிங்!'

டீச்சர் தன் போனைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து எழும்பிய நீல வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டிருந்த கணவரின் மோவாயைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கரண்டி மெதுவாகப் பாத்திரத்துக்குள் இறங்கியது.

"போனை உள்ள வச்சிட்டுச் சாப்பிடுங்க தேவாங்காரே, ஞாயித்துக்கிழமை பாலத்துக்குப் போகணும்."