ஒன்பது பேர், பத்தாவது துள்ளல்

இந்தக் காலத்தில் சொந்தத் தாத்தனைக்கூட மெஷினில் மாட்டிப் பார்த்துத்தான் நம்புகிறார்கள் என்று முணுமுணுத்தபடி, பல்கலைக்கழக ஆய்வகத்தில் உட்கார்ந்தார் திருவொற்றியூர் எத்திராஜ். மூளைப் படிப்பு படிக்கும் பேத்தி சினேகா அவர் தலையில் ஒயர்களை ஒட்டி, காதில் அவர் பேரையும் சேர்த்து ஒன்பது பெயர்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். சொந்தப் பேரைக் கேட்டால் திரையில் கோடு துள்ளுமாம். “எத்திராஜ்” என்றபோது அசையவில்லை. எல்லாப் பேரும் முடிந்து ஒலி நின்ற பிறகு துள்ளியது.

“தாத்தா, இப்போ இன்னா கேட்டுச்சு?”

“உங்க ஆயா ‘இந்தாய்யா’ன்னா. அவ என்னிக்கி என் பேரச் சொன்னா?”

அவர் மனைவியான ஆயா செத்து மூன்று வருடம். அந்தக் குரல் ஒருதரம் கேட்காதா என்று அவர் ஏங்குவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சினேகா மறுபடி ஓடவிட்டாள். அதே இடத்தில் கோடு இரண்டு தரம் துள்ளியது.

“மெஷின்லாம் டூப்பும்மே. சோத்துக்கு ரெண்டு தபா கூப்ட்டுட்டா, மூணாவது தபா கத்த வெச்சா அவ சோறு போட மாட்டா” என்று ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எத்திராஜ் விடுவிடுவென்று வெளியே நடந்தார்.